பெயர்ப்பலகையடியில் இறங்கியவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் உண்மையென்று இருப்பது ஒரேயொரு பேச்சு. அதுவும் ஒட்டுக்கேட்டது.

ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை, சனிக்கிழமை பின்னேரம். இடியப்பத்துக்கு நின்ற வரிசை கதவுவரை வந்திருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் கடைசி ஆளின் முதுகில் குளிர் அடித்தது. அந்தக் கடைசி ஆள் நான். எனக்கு முன்னால் ஒரு பெண், குளிர்ச்சட்டையின் தொப்பியைக் கழற்றாமல், காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தாள்.

“கிடைச்சிட்டுது. ஓம், யூனிவர்சிட்டிதான். ஆனா ஒருத்தருக்கும் சொல்லேலாது. எல்லாரும் நான் ரெண்டு வருசமா அங்கதான் படிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்.”

அதற்குள் அவளுடைய முறை வந்துவிட்டது. மீன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நான் இடியப்பம் வாங்கி, சொதியை மறந்து, வீட்டுக்குப் போய் ஏச்சும் வாங்கினேன்.

கெட்ட செய்தியை மறைக்கிற கதைகள் எங்களிடம் கொட்டிக் கிடக்கின்றன. நல்ல செய்தியை மறைக்க வேண்டி வந்த ஒருத்தியை நான் எந்தக் கதையிலும் கண்டதில்லை. எழுத எழுதத் தெளியும் என்று நினைத்து உட்கார்ந்தேன். இது எத்தனையாவது தடவை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் தடவை இருந்ததைவிட இப்போது மோசமாகக் குழம்பியிருக்கிறேன். நீங்களும் கூட வந்தால் கொஞ்சம் துணையாக இருக்கும்.

2

“பனி பெய்துகொண்டிருந்தது. அட்சயா ஜன்னலருகே நின்று—”

விட்டுவிட்டேன். ரொறன்ரோத் தமிழ்க் கதைகளில் பனி பெய்து பெய்து வாசகர்களுக்குத் தும்மலும் தடிமனும் பிடித்துவிட்டன.

“சச்சிதானந்தன் பொய் சொல்லாத மனிதர். அதனாலேயே அவர் அன்றைக்கு—”

இதையும் விட்டேன். அவர் பொய் சொன்னாரா இல்லையா என்பதுதான் எனக்கே தெரியாத விஷயம். முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம் விசாரணை நடத்துவது அழகில்லை.

“அட்சயாவுக்கு இருபது வயது. இங்கேதான் பிறந்தவள். தகப்பன் சச்சிதானந்தன், தாய் யோகமலர், அவள், மூன்று பேர்தான் வீட்டில். அவள் ஒரு கொலிஜில் படிக்கிறாள்.”

அழகில்லாத தொடக்கம். ஆனால் இதில் பிழையில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

வேறு நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். இங்கே கொலிஜ் ஒன்று, யூனிவர்சிட்டி வேறொன்று. கொலிஜில் இரண்டு வருடம் படித்தால் வேலைக்கு உதவுகிற ஒரு டிப்ளோமா கிடைக்கும். யூனிவர்சிட்டியில் நாலு வருடம், பட்டம். பள்ளிக்கூடத்தில் புள்ளிகள் போதாமல் போன பிள்ளைகள் கொலிஜில் சேர்ந்து, ஊன்றிப் படித்து, அங்கே படித்த பாடங்களில் சிலவற்றைக் கணக்கில் காட்டி யூனிவர்சிட்டிக்கு மாறிக்கொள்ளலாம். இந்த நாட்டில் அது மதிப்பான வழி. எங்கள் ஆட்களின் வரவேற்பறையில் மட்டும் அதற்குக் கதிரை போடுவதில்லை. பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போனால் யூனிவர்சிட்டியின் பெயரைச் சொல்வார்கள். கொலிஜுக்குப் போனால் “படிக்கிறா” என்பார்கள், அவ்வளவுதான்.

இனி இந்தக் கதையின் முடிச்சு. அட்சயாவின் கொலிஜ் கட்டிடம் ஒரு யூனிவர்சிட்டியின் வளவுக்குள்ளேயே இருக்கிறது. (பெயர்கள் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.) அதே பஸ் தரிப்பு, அதே கோப்பிக் கடை வரிசை. வாசலில் யூனிவர்சிட்டியின் பெயரைத் தாங்கி ஒரு பெரிய பலகை. கொலிஜுக்கும் யூனிவர்சிட்டிக்கும் நடுவில் ஒரு கார் தரிப்பிடம், அவ்வளவுதான் தூரம்.

சச்சிதானந்தனுக்கு மார்க்கம் நகரில் லேபல் அச்சடிக்கும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அதனால் காலையில் மகளை அவரே காரில் கொண்டுபோய் விடுவார். ஸ்ரீல்ஸ் வீதியோடு நேராக மேற்கே. தமிழ் றேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருக்கும். பெரிய பலகையடியில் நிறுத்துவார். அட்சயா இறங்கி, கார் திரும்பிப் போகும்வரை நின்று கை காட்டிவிட்டு, பின்பக்கத்தால் நடந்து, தரிப்பிடத்தைக் கடந்து கொலிஜுக்குள் போவாள். இரண்டு வருடமாக அதே பலகை, அதே கை காட்டல்.*

* ஏன் பலகையடியில்? அங்கே நிறுத்தினால் அபராத டிக்கெட் எழுதமாட்டார்கள் என்பதாலா, அவருக்கு அதுதான் மகள் படிக்கிற இடம் என்பதாலா, அல்லது அதற்கு அப்பால் இருப்பதை அவர் பார்க்க விரும்பவில்லையா? இந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். நான் கதை முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டப் போகிறேன்.

3

இப்போது கேடயத்தைக் கொண்டுவர வேண்டும்.

அவர்களுடைய ஊர்ச் சங்கம் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு மண்டபம் எடுத்து ஒன்றுகூடல் வைக்கும். அந்த வருடம் யூனிவர்சிட்டிக்குள் போன பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊரில் எந்தக் குறிச்சி, இங்கே எந்த யூனிவர்சிட்டி என்று வாசித்து, ஆளுக்கொரு கேடயம் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னால்தான் இது நடக்கும். பின்னால் வைத்தால் மண்டபத்தில் கதிரைகள்தான் கை தட்டும். கொலிஜுக்குப் போகிற பிள்ளைக்குக் கேடயம் இல்லை என்று யாரும் சட்டம் போடவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அட்சயா கொலிஜில் சேர்ந்த வருடம், சங்கச் செயலாளர் அலெக்ஸாண்டர் போன் எடுத்தார். சச்சிதானந்தன் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், போன் ஸ்பீக்கரில். பக்கத்து சீற்றில் அட்சயா.

“மகள் எந்த யூனிவர்சிட்டி, சச்சி அண்ணை?”

“நான்தானே ஒவ்வொருநாளும் கொண்டுபோய் இறக்கிறன்” என்று சொல்லி, பலகையிலிருந்த பெயரைச் சொன்னார்.

பாருங்கள், அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அங்கேதான் இறக்குகிறார். அட்சயா நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். அவர் வீதியைப் பார்த்தார். சிவப்பு விளக்கில் நின்றதும் திருத்திச் சொல்லுவார் என்று காத்திருந்தாள். சிவப்பு பச்சையாகிவிட்டது. பேச்சு மண்டபத்துக் கார் தரிப்பிடம் போதுமா என்பதற்குத் தாவிவிட்டது.

[இந்த இடத்தில் எனக்கும் அட்சயாவுக்கும் சண்டை. நீ வாய் திறந்திருக்கலாமே என்றேன். எனக்குப் பதினெட்டு வயசு, அதுவும் அப்பா முதல்தரம் என்னைப் பற்றி ஆரிட்டையோ பெருமையாக் கதைச்சவர் என்றாள். அப்படியானால் மேடைக்காவது போகாமல் விட்டிருக்கலாம் என்றேன். அதுக்குள்ள அம்மா சாறி கட்டிவிட்டுட்டா என்றாள்.]

கண்ணாடிக் கேடயம். வீட்டுக்கு வந்து ஷோகேசில் பீங்கான் அன்னத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அதற்குப் பிறகு ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற மாமா வீடு, ஒஷாவாவில் இருக்கிற சித்தி வீடு எங்கும் அட்சயா யூனிவர்சிட்டியில்தான் படித்தாள். அவள் ஒருவரிடமும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் அவளைக் கேட்கவில்லையே, அதற்குள்தான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே.

4

கொலிஜில் அவள் நன்றாகப் படித்தாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முந்திய பிரதிகளில் அவளைப் பாவமாக எழுதிவைத்திருந்தேன். அவள் பாவமில்லை. கணினிப் பாடங்களில் வகுப்பில் முதல் ஆளாக நின்றாள். நின்று, பக்கத்துக் கட்டிடத்துக்கு விண்ணப்பித்தாள். கிடைத்துவிட்டது.

கிடைத்தது எப்படியென்றால், கொலிஜில் படித்த பாடங்களில் பாதிக்குமேல் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டாம் வருடத்தில் சேர்ப்பார்கள். ஆனால் ஊர்க் கணக்கில் அவள் வருகிற செப்டெம்பரில் மூன்றாம் வருடம். ஆக, ஒரு வருடம் இடிக்கிறது. பட்டமளிப்புக்கு எப்ப கூப்பிடுகிறீர்கள் என்று ஊர் கேட்கிற வருடத்தில் அவள் இன்னும் படித்துக்கொண்டிருப்பாள். இதை ஏற்றுக்கொள்ளப் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், திங்கட்கிழமைக்குள். அழுத்தினால் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் போய்விடும்.

அவளோடு சேர்ந்து ஸாலிஹாவுக்கும் கிடைத்திருந்தது. ஒரே வகுப்பு, கண்டியிலிருந்து வந்த குடும்பம். ஸாலிஹாவின் உம்மா அன்றைக்கே இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்து, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் உட்பட அந்தத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார். ஒரு துண்டு அட்சயாவுக்கும் டப்பாவில் வந்தது.

“உங்கட ஊட்டுல என்ன செஞ்ச?” என்று ஸாலிஹா கேட்டாள்.

“இன்னும் சொல்லேல்லை.”

“ஏன்?”

“லைக், இதைச் சொல்லுறதெண்டால் ரெண்டு விசயம் சொல்லவேணும். முதல் மற்றதைச் சொல்லவேணும்.”

ஸாலிஹா வட்டிலப்ப டப்பாவை அவள் பக்கம் தள்ளிவைத்தாளாம். பிறகு, அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், கட்டாயம் தெரிந்திருக்கும் என்று ஆறுதலுக்குச் சொன்னாள். அட்சயாவுக்கு அதைக் கேட்டதும் இன்னும் பயம் வந்தது.

ஏன் பயம்? இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் குழம்பினாலும் பரவாயில்லை. அப்பாவுக்குத் தெரியாதென்றால், இரண்டு வருடமாக அவர் இல்லாத ஒரு மகளுக்காகப் பெருமைப்பட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த மகளை அவரிடமிருந்து பறிக்க வேண்டும். தெரியுமென்றால், தெரிந்துகொண்டே பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அதாவது, இருக்கிற மகளை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறார். இரண்டில் எது வந்தாலும் வலிக்கும். எது வரும் என்று தெரியாமல் இருக்கிற மட்டும் இரண்டும் சேர்ந்து வலிக்கிறது.

5

அப்போது பார்த்து அலெக்ஸாண்டர் மறுபடி போன் எடுத்தார். இந்த வருடம் கேடயங்களை முன்னர் வாங்கிய பிள்ளைகளின் கையால் கொடுப்பிக்கப் போகிறார்களாம். அட்சயா வரவேண்டும், புதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வார்த்தை பேசவேண்டும். ஞாயிறு இரவு. திங்கட்கிழமைக்கு முதல் நாள்.

(தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்? நான்தான் வைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தளவு உரிமைகூட இல்லையென்றால் எப்படி?)

அன்றிலிருந்து அட்சயா தகப்பனை உளவு பார்க்கத் தொடங்கினாள். அவருக்குத் தெரியுமா, தெரியாதா. உதாரணத்துக்கு மாணவர் அட்டை. ஒருநாள் அது காருக்குள் விழுந்துவிட்டது. கொலிஜின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. சச்சிதானந்தன் அதை எடுத்து மகளிடம் நீட்டி, “கவனமா வைச்சிரு” என்றார். வாசித்தாரா?

இந்தக் காட்சியை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. சச்சிதானந்தனுக்கு வாசிக்கிற கண்ணாடி வேண்டும். கண்ணாடி அந்த நேரம் அவர் மூக்கில் இருந்ததா, சட்டைப் பையில் இருந்ததா? இதைத் தீர்மானிக்க வேண்டியவன் நான். மூக்கில் வைத்தால் அவருக்குத் தெரியும், கதை ஒரு பக்கம் போகும். பையில் வைத்தால் தெரியாது, கதை மற்றப் பக்கம் போகும். நாலைந்து நாள் அந்தக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக் கொண்டிருந்தேன். கடைசியில் நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டிருந்தார் என்று எழுதினேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள். என்ன பாடம் படிக்கிறாள் என்று அவர்கள் கேட்டால் சச்சிதானந்தன் தேத்தண்ணி எங்கே என்று குசினிப் பக்கம் திரும்பிவிடுவார். இது தெரிந்தவர் செய்கிற வேலை என்று அட்சயா நினைத்தாள். ஆனால் அவருக்கு மகளுடைய பாடத்தின் பெயரே வாயில் வராது என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் எத்தனையாம் வகுப்பு என்பதையே அவர் பிழையாகச் சொல்கிறவர்.

அவரிடமே நேரே கேட்டுவிடலாம். கேட்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த வீட்டில் யாரும் எதையும் நேரே கேட்டதில்லை. சாப்பிட்டியா என்று கேட்பார்கள், குளிருக்குச் சட்டை போட்டியா என்று கேட்பார்கள். மற்றதெல்லாம் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

6

இதுவரை எழுதியதை ஒஷாவாவில் இருக்கிற என் சிநேகிதி மயூரிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். எதையும் முதலில் அவளுக்குத்தான் வாசிப்பது.

“உம்மட கதையில தாய் எங்கை?” என்றாள்.

திடுக்கிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். யோகமலர் ஒரு தரம் சாறி கட்டிவிட்டிருக்கிறார். அவ்வளவுதான். இரண்டு வருடம் ஒரு மனுசி அந்த வீட்டில் இருக்கிறார், எனக்கு அவர் கண்ணிலேயே படவில்லை. அவரிடம் கேட்டிருந்தால் கதை மூன்றாம் பகுதியிலேயே முடிந்திருக்கும் என்று மயூரி சொன்னாள். அதனால் அவசரமாக யோகமலரிடம் போகிறேன். நீங்கள் இதைத் திணிப்பு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

யோகமலருக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவருக்கு எல்லாம் தெரியும். கொலிஜில் சேர்த்த நாளன்று மகளோடு கூடப் போனவரே அவர்தான். ஒன்றுகூடலுக்கு முதல் நாள், சனிக்கிழமை, கட்டில் நிறைய உடுப்பு, மடித்துக்கொண்டிருந்தார். அட்சயா கதவைச் சாத்திவிட்டு வந்து, யூனிவர்சிட்டி கிடைத்துவிட்டதென்று சொன்னாள். யோகமலர் மடித்த துவாயைக் கையில் பிடித்தபடியே மகளைக் கட்டிக்கொண்டார். வீட்டில் அவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் அவருக்குச் சத்தமாகச் சந்தோசப்பட வரவில்லை. காதுக்குள் ரகசியம் போல, நல்லது பிள்ளை, நல்லது பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அப்பாவுக்குத் தெரியுமோ?”

“எனக்கெப்பிடித் தெரியும்? நான் கேக்கேல்லை.”

“ரெண்டு வருசமாவோ?”

“கேட்டு, அவருக்குத் தெரியாதெண்டால் நானெல்லோ சொல்லவேண்டி வரும்.”

அட்சயாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யோகமலர் அதோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஷோகேசைத் துடைக்கும்போது கேடயத்தைக் கொஞ்சம் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைப்பாராம், அதிலிருக்கிற யூனிவர்சிட்டியின் பெயர் தெரியாதபடி. அடுத்தநாள் பார்த்தால் அது நேரே திரும்பியிருக்கும். நீதான் திருப்புகிறாய் என்று நினைத்து நான் ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

அட்சயா அதை ஒருநாளும் தொட்டதேயில்லை.

அப்படியென்றால் சச்சிதானந்தன். அவர் ஒவ்வொரு கிழமையும் வந்து அந்தக் கேடயத்தை நேராக்கியிருக்கிறார். பெருமையோடா? அல்லது மனைவி ஏன் திருப்புகிறார் என்று தெரிந்து, அதற்குப் பதிலாகவா? மயூரி சொன்னபடி தாயைக் கொண்டுவந்தேன், முடிச்சு அவிழும் என்று. ஒரே வீட்டில் மூன்று பேர், மற்றவருக்கு என்ன தெரியும் என்று தெரியாமல் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு இரண்டு பேராக இருந்த குழப்பத்தை நான் மூன்று பேராக்கியதுதான் மிச்சம்.

7

ஞாயிறு இரவுக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்று. அட்சயா மேடையேறுகிறாள். மைக்கைப் பிடித்து, நான் இதுவரை கொலிஜில் படித்தேன், இப்போதுதான் எனக்கு யூனிவர்சிட்டி கிடைத்திருக்கிறது என்று சொல்கிறாள். மண்டபம் மௌனமாகிறது. பின் வரிசையில் ஒருவர் எழுந்து கை தட்டத் தொடங்க, மண்டபமே—

மன்னியுங்கள், என்னால் முடியவில்லை. எங்கள் மண்டபங்களில் யாரும் மௌனமாவதில்லை. மைக் இரைந்துகொண்டிருக்கும், பின்னுக்குச் சின்னப் பிள்ளைகள் பலூன் உடைத்துக்கொண்டிருப்பார்கள், அவள் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்காது, மீதிப் பேர் அடுத்த கிழமை முழுக்க அதையே கதைப்பார்கள். அதோடு, தகப்பனிடம் தனியாகச் சொல்லப் பயந்த பிள்ளை ஊருக்கு முன்னால் சொல்லுவாள் என்று எழுதினால், அது அவளுடைய துணிச்சல் இல்லை, என்னுடைய அவசரம்.

இரண்டு. மேடையேறி, கேடயத்தைக் கொடுத்து, வாழ்த்துச் சொல்லி, சிரித்து, இறங்கி வருகிறாள். வாழ்க்கை அப்படியே போகிறது. இது நடக்கக்கூடியது. ஆனால் அவளுக்கு நான் ஏதோ துரோகம் செய்வதுபோல இருந்தது, கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. (நடந்தது என்று சொல்கிறேனே தவிர, எதுவும் நடக்கவில்லை, தெரியுமல்லவா.) ஞாயிறு பின்னேரம் யோகமலர் சாறியை எடுத்து வெளியே வைத்தார். அட்சயா அதைப் பார்த்தபடி இருந்தாள். சச்சிதானந்தன் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“விருப்பமில்லாட்டி விடு. உனக்குச் சோதினை எண்டு நான் அலெக்ஸாண்டருக்குச் சொல்லுறன்.”

பரீட்சை எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் விருப்பமில்லை என்று அவர் கேட்கவில்லை. கீழே போய்ப் போனில் அந்தப் பொய்யைத் தடுமாறாமல் சொன்னார். சாறி திரும்ப அலுமாரிக்குள் போனது. பெரியவர்கள் இரண்டு பேரும் ஒன்றுகூடலுக்குப் போய் வந்தார்கள். மேடையில் எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள் என்று யோகமலர் சொல்லவில்லை, அட்சயா கேட்கவும் இல்லை. போகும்போதோ வரும்போதோ அந்தக் காருக்குள் ஏதாவது பேச்சு நடந்ததா? எனக்குத் தெரியாது. என்னை அந்தக் காரில் ஏற்றவில்லை.

8

திங்கட்கிழமை காலை. கடைசி நாள். பட்டன் இன்னும் அழுத்தப்படவில்லை.

ஸ்ரீல்ஸ் வீதியோடு மேற்கே போகிறார்கள். றேடியோவில் யாரோ ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபரின் மரண அறிவித்தல், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று நீண்டுகொண்டே போகிறது. அட்சயாவின் மடியில் போன். பெரிய பலகை வருகிறது. அவள் வழக்கம்போலப் பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

கார் நிற்கவில்லை.

பலகையைத் தாண்டி, வளவுக்குள் திரும்பி, உள்வீதியால் சுற்றி, மெதுவாகப் போனது. இரண்டு வருடத்தில் அவர் அந்த வீதிக்குள் காரை விட்டதில்லை. ஆனால் எங்கே திரும்புவது என்று தடுமாறவும் இல்லை. தரிப்பிடத்தின் ஓரத்தில், இந்தப் பக்கம் கொலிஜ், அந்தப் பக்கம் யூனிவர்சிட்டி, நடுவில் நிறுத்தினார். றேடியோவைக் குறைத்தார். ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இனி எந்தப் பக்கம் இறக்கவேணும் எண்டு நீ சொல்லு.”

[இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். தேத்தண்ணி போட்டேன். குடிக்கவில்லை.]

ஆக, அவருக்கு இரண்டு பக்கம் இருப்பது தெரியும். ஆனால் எப்போதிருந்து? முதல் நாளிலிருந்தா, கார் ஸ்பீக்கரில் அந்தப் பெயரைச் சொன்ன அன்றைக்கா, மாணவர் அட்டையை எடுத்த அன்றைக்கா? அல்லது நேற்றிரவு காருக்குள் யோகமலர் சொல்லிவிட்டாரா? நேற்று இரவு என்றால் அவர் ஏமாந்துபோன தகப்பன். இரண்டு வருடம் என்றால் வெட்கப்பட்ட தகப்பன். அல்லது, இப்போதுதான் எனக்கு இது தோன்றுகிறது, எழுதத் தொடங்கியபோது தோன்றவேயில்லை: மகளாகச் சொல்லட்டும் என்று இரண்டு வருடம் பலகையடியில் காத்திருந்த தகப்பன்.

அட்சயா குனிந்து போனைப் பார்த்தாள். அழுத்தினாள்.

கவனியுங்கள், அவர் எப்போதிருந்து தெரிந்தவர் என்று அறிவதற்கு முன்னாலேயே அழுத்திவிட்டாள். இந்தக் கதையில் நான் எத்தனையோ இடத்தில் குழம்பினேன், இதில் மட்டும் குழம்பவில்லை. அந்த இடம் அவள் படித்து வாங்கியது. தகப்பன் பெருமைப்பட்டாலும் வெட்கப்பட்டாலும் அது அவளுடையது.

அதற்குப் பிறகுதான் கேட்டாள். அந்த வீட்டில் முதல் தடவையாக ஒருவர் நேரே கேட்டார்.

“அப்பா, உங்களுக்கு எப்ப தெரியும்?”

9

சச்சிதானந்தனின் பதிலை நான் மூன்று விதமாக எழுதினேன்.

“எனக்கு முதலே தெரியும்.” இதை எழுதியதும் அட்சயா கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள், நான் எவ்வளவு கூப்பிட்டும் நிற்கவில்லை.

“ராத்திரித்தான் அம்மா சொன்னவ.” இதை எழுதியதும் சச்சிதானந்தனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“அப்ப இனி நான் வாழ்த்துச் சொல்லலாமோ?” இதை எழுதிவிட்டு நான் அழுதேன். எழுதுகிறவன் தன் வரியைப் பார்த்துத் தானே அழுதால் அதை நம்பக்கூடாது. ஆனால் அழிக்கவும் மனம் வரவில்லை. அதனால் இங்கேயே கிடக்கட்டும்.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் ஒரு பிள்ளையைக் காரில் கொண்டுபோய் எங்கேயாவது இறக்கியவராக இருந்தால், அல்லது இறக்கப்பட்டவராக இருந்தால், என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும். கார் இன்னும் தரிப்பிடத்து ஓரத்தில்தான் நிற்கிறது. பின்னால் ஒரு பஸ் வந்து ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டது, அதிகம் யோசிக்காதீர்கள்.

கடைசியாக, இதை வாசிக்கிறவர் அந்தச் சனிக்கிழமை இடியப்பக் கடை வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் நின்ற பிள்ளையாக இருந்தால்: உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, அட்சயா நான் வைத்த பெயர். உங்கள் அப்பாவையும் எனக்குத் தெரியாது. கதவு திறந்து திறந்து குளிர் அடிக்க, உங்களுக்குப் பின்னால் நின்றது நான்தான். இவ்வளவு பக்கமும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவருக்கும் சொல்லேலாது என்றீர்களே, எனக்குக் கேட்டுவிட்டது.

வாழ்த்துகள், பிள்ளை.